ஊர் நர்ஸை ஊர் பயன்படுத்துகிறதா?

கறவை மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் போதும், விவசாயி வீட்டில் பரபரப்பு உண்டாகிவிடுகிறது. கால்நடை மருந்தகத்திற்கு ஆள் ஓடுகிறது. பால் சங்கத்தில் சொல்லி வைக்கிறார்கள். அதே வீட்டில் அந்த மாட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு மூன்று மாதமாக மூச்சு வாங்குகிறது, கண் வெளுத்திருக்கிறது, களத்து மேட்டில் கூடையைத் தூக்கினால் தலை சுற்றுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அறுப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பதே பதில். அறுப்பு முடிந்தால் உளுந்து பிடுங்கும் வேலை வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் பெரும்பாலான ஊர்களில் நடந்து போகும் தூரத்திலேயே ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது சர்க்கார் வகுத்த கணக்கு. தமிழ்நாட்டில் 8,700க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஊர் மக்கள் அவரை நர்ஸம்மா என்கிறார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறவர், கர்ப்பிணிக்கு நம்பர் போட்டுத் தருகிறவர் என்ற அளவோடு அவரைப் பற்றிய அறிமுகம் முடிந்துவிடுகிறது. வயல் வேலை செய்கிறவனுக்கும் அவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. இது பெரிய நஷ்டம்.

இந்தப் பதவி வந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த நிலைக்குக் காரணம் விளங்கும். கிராம மக்களுக்கு வைத்தியம் அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்று 1946ல் போர் கமிட்டி சொன்னது. 1952ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. அவற்றின் கீழ் துணை நிலையங்களில் இருந்தவர்கள் முக்கியமாகப் பிரசவம் பார்க்கும் செவிலியர்கள். 1973ல் கர்த்தார் சிங் கமிட்டி, மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு ஒரு வேலையாகப் பிரித்து வைப்பது சரியல்ல, எல்லா வேலையும் தெரிந்த பணியாளர் வேண்டும் என்று சொன்னது. அந்த வழியில் வந்ததே இன்றைய கிராம சுகாதார செவிலியர் பதவி.

ராந்தல் வெளிச்சத்தில் குடிசைக்குள் பிரசவம் பார்த்த தலைமுறை நர்ஸம்மாக்களை வயதானவர்கள் இன்றும் பேர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. போனது நல்லதே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை முறை வைத்து நியமித்து இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்திற்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2018-20ல் ஒரு லட்சம் பிரசவத்திற்கு 54 தாய்மார் இறந்தார்கள் என்பது சர்க்கார் கணக்கு. அகில இந்திய அளவோடு பார்த்தால் இது மிகக் குறைவு. இதற்குக் கிராம நர்ஸுகள் நடந்த நடையே பெரும் காரணம் என்றால் மிகையல்ல.

ஆனால் பிரசவம் கையை விட்டுப் போனதும், அந்தக் கைக்கு வந்தது பேனா. இன்னும் சரியாகச் சொன்னால் பேனாவும் கணினியும். கர்ப்பிணியைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிக்கல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கு விவரம் ஏற்ற வேண்டும். தடுப்பூசிப் பதிவு, பிறப்பு இறப்பு விவரம், தம்பதியர் பதிவேடு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவேட்டில் ஏற்றியதையே கணினியிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய நெடுநாளைய குறை. கணக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. கணக்கு எழுதியதால்தான் ஒரு கர்ப்பிணிகூட விடுபடாமல் பார்க்க முடிந்தது. என்றாலும் விதை நேர்த்தி செய்ய வேண்டியவர் நாள் முழுதும் சிட்டா அடங்கலில் உட்கார்ந்திருந்தால் பயிரை யார் பார்ப்பது?

விவசாயிக்கு வரும் வியாதிகளுக்குத் தனி முகம் உண்டு. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசையில் நிற்பவனை டாக்டர் இரண்டு நிமிஷம் பார்க்கிறார். அவன் என்ன வேலை செய்கிறான், எங்கே படுக்கிறான், நேற்று எந்த மருந்து அடித்தான் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. ஊரிலேயே இருக்கும் நர்ஸுக்கு இவை கேட்காமலே தெரியும். அங்கேதான் அவருடைய மதிப்பு இருக்கிறது.

காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். மழைக்குப் பிறகு வரப்பில் புல் அறுத்தவனுக்கு நான்கைந்து நாள் விடாமல் காய்ச்சல். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டும் இறங்கவில்லை. அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, இடுப்பில் கயிறு கட்டும் இடத்திலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, ஆகவே அவனே கவனித்திருக்க மாட்டான். இது உண்ணிக் காய்ச்சல். புதர், புல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி ஆளைக் கொன்றுவிடும். சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதிலேயே எல்லாம் இருக்கிறது. அதுபோலவே சேற்றில் நின்று நடவு நட்டவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலில் இறங்கினாயா, காலில் புண் இருந்ததா என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டு, அதை ஒரு சீட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

பாம்புக்கடி இதைவிட அவசரம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று 2020ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். அதிகம் இறப்பது மழைக்காலத்தில். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்து. அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பதில், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. மருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கவும்படுகிறது. உயிர் போவது பெரும்பாலும் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில்தான்.

அந்த இடைவெளியில் நடப்பது என்ன என்பது எல்லா ஊருக்கும் தெரியும். கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். பிளேடால் கீறுவார்கள். பார்வை பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும். விரியன் கடித்தவனைக் கீறினால் ரத்தம் நிற்காது. கட்டு விரியனோ இரவில் தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். பல் பட்ட இடமே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பான், கண் இமை தூக்க முடியாமல் சொருகும், பிறகு மூச்சு நின்றுபோகும். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனையோ.

இந்த நேரத்தில் ஊரில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் என்ன செய்வார்? முறிவு மருந்தைத் துணை நிலையத்தில் ஏற்றிவிட முடியாது. அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் போகும், டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் கடிபட்ட கை காலை அசையாமல் மட்டை வைத்துத் துணி சுற்றலாம். நடக்க விடாமல் படுக்க வைக்கலாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றலாம். 108க்குச் சொல்லிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுக்கும் போன் செய்து தயாராக இருக்கச் சொல்லலாம். அங்கே அவர்கள் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். முதல் தவணைக்கே எட்டு முதல் பத்துக் குப்பி மருந்து வேண்டியிருக்கும். முன்கூட்டியே சேதி போனால் இருப்பைப் பார்த்து, போதாவிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட முடியும். எல்லாவற்றையும்விட முக்கியம், பார்வை பார்க்கப் போகலாம் என்று இழுக்கும் உறவுக்காரர்களிடம் அதட்டிப் பேச ஊரில் ஒருவர் இருப்பது.

பூச்சி மருந்து விஷயமும் அப்படியே. சட்டை நனைய மருந்து அடித்துவிட்டு அப்படியே சாப்பாட்டுக்கு உட்காருபவர்கள் உண்டு. அளவு கடந்து வியர்த்து, வாயில் எச்சில் ஊறி, கண் பாவை ஊசிமுனை போலச் சுருங்கினால் மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று அறிய வேண்டும். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டப்பாவைப் பார்த்தால்தான் என்ன விஷம் என்று டாக்டருக்குத் தெரியும். மருந்தை விழுங்கியவர்களுக்கு உப்புத் தண்ணீரும் சாணிக் கரைசலும் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது, நுரையீரலுக்குள் விஷத்தை இறக்குவதாகவே முடியும். வீடு வீடாகப் போகும் நர்ஸின் கண்ணில், கட்டிலுக்கு அடியிலும் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலும் இருக்கும் மருந்து டப்பா பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இதைப் பூட்டி வை, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வை என்று ஒரு வார்த்தை சொல்வது அவருடைய பதிவேடு எதிலும் இல்லாத வேலை. பல உயிரைக் காக்கக்கூடிய வேலையும் அதுதான்.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டு, மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. மாத்திரை வீட்டுக்கு வருகிறது. வயிற்றுக்குள் போகிறதா என்பதே கேள்வி. தலைவலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை மட்டும் தினம் விழுங்கும் ஆண்கள் அநேகம். அந்த வலி மாத்திரை நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் இரண்டு ஏக்கர் நிலம் எத்தனை நாள் தாங்கும்?

ரத்த சோகையும் அப்படிப்பட்ட அமைதியான வியாதிதான். அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்தது. இரும்புச் சத்து மாத்திரை இலவசம். சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று கூரையில் சொருகி வைத்துவிடுகிறார்கள். இரவில் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடு, டீ குடித்த கையோடு சாப்பிடாதே, மலம் கறுத்தால் பயமில்லை என்று எடுத்துச் சொல்ல நேரில் ஒருவர் வர வேண்டும். வந்தாலும் பார்க்க முடிவதில்லை என்பது வேறு சங்கடம். நர்ஸம்மா பத்து மணிக்கு மேல் வருகிறார். நடவுப் பெண்கள் ஏழு மணிக்கே வயலுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் கிழவிதான் இருக்கிறாள். கதவில் ஒரு குறி போட்டுவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நர்ஸம்மா ஊரிலேயே தங்குவதில்லை, பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போய்விடுகிறார் என்பது கிராமங்களில் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. பணியிடத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. பாம்புக்கடி பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மட்டும் நடப்பதில்லை. இதைக் கேட்க ஊருக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் கேட்கும் ஊர் தன் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல துணை நிலையக் கட்டடங்கள் பல ஆண்டுகளுக்கு முன் கட்டியவை. கூரை ஒழுகுகிறது. குழாயில் தண்ணீர் வருவதில்லை. கக்கூஸ் கதவு இல்லை. ஊருக்கு வெளியே, புறம்போக்கு எங்கே கிடைத்ததோ அங்கே கட்டியிருக்கிறார்கள்; ராத்திரியில் தனியாக ஒரு பெண் அங்கே படுக்க வேண்டும். சாராய வாடையோடு வந்து கதவைத் தட்டுகிறவனை ஊர்ப் பெரியவர்கள் கண்டித்ததுண்டா? வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், என்ன சாதி என்று விசாரித்துவிட்டு வீடு காலி இல்லை என்று சொல்லும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. ஊசி போட்டுக்கொள்ளும்போது பார்க்காத சாதி, வீட்டுச் சாவி கொடுக்கும்போது எங்கிருந்து வருகிறது? இப்படி நடத்திவிட்டு, அவர் ஓடிப்போகிறார் என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

மலைப்பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கடினம். ஒரு குக்கிராமத்திற்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடை. மழை பெய்தால் பாதை இல்லை. பிரசவ நாளுக்கு முன்பே கர்ப்பிணியை அழைத்து வந்து தங்க வைக்கும் காத்திருப்பு அறைகள் சில மலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்டு. சாமை அறுப்பு நேரத்தில் வீட்டை விட்டு வர அந்தப் பெண்ணை மாமியார் விடுவதில்லை. நர்ஸ் போய் மூன்று தடவை கெஞ்ச வேண்டியிருக்கிறது. இப்படி நடக்கும் நடைக்குக் கணக்கு எழுதும் பதிவேடு கிடையாது.

2018க்குப் பிறகு துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றி, கூடுதலாக ஒரு நர்ஸை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடே. வெளியூர் போகும் வேலை ஒருவருக்கு, நிலையத்தில் இருக்கும் வேலை ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் குறைந்த சம்பளத்தில் நாளை இருப்போமா என்று தெரியாமல் வேலை செய்பவர் ஊரோடு எப்படி ஒட்டுவார்? ஒரு ஊரின் கர்ப்பிணியையும் குடிகாரனையும் கிழவரையும் தெரிந்துகொள்ள இரண்டு வருஷமாவது வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு அவரை விட்டுவிடுவது, பழகிய உழவு மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டுப் புதிதாகக் கன்று பழக்குவது போன்றது. இந்தப் பதவிகளை நிரந்தரமாக்குவதைச் சர்க்கார் செலவு என்று நினைக்கலாகாது.

வேளாண்மை இலாகா அலுவலர் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த ஊருக்கு வரும் முறை 1980களில் இருந்ததைப் பெரிய விவசாயிகளைவிடச் சிறு விவசாயிகள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். எந்த நாள் வருவார் என்று தெரிந்ததால், நோய் பட்ட கதிரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வரப்பில் காத்திருக்க முடிந்தது. நர்ஸுக்கும் எந்த நாள் எந்தக் குக்கிராமம் என்ற பயண நிரல் உண்டு. புதன்கிழமை தடுப்பூசி என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். மற்றது ஆபீஸ் பைலில் இருக்கிறது. அதைப் பால் சங்கத்துச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் அவருடைய போன் நம்பரோடு எழுதி வைக்கப் பெயின்ட் செலவைத் தவிர வேறு செலவில்லை. நடவு, களை, அறுப்பு மாதங்களில் காலை ஆறரை மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ பார்க்கும்படி அந்த நிரலை மாற்றிக்கொள்ள வட்டார மருத்துவ அலுவலர் அனுமதிக்கலாம். விதியில் இதற்கு இடமில்லை என்று சொன்னால், இடம் உண்டாக்க வேண்டும்.

பணம் இல்லை என்ற பேச்சுக்கும் முழு இடமில்லை. 2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, இன்ன செலவுக்கென்று கட்டாமல் துணை நிலையம் ஒவ்வொன்றிற்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. நர்ஸும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கும் கணக்கு அது. கிராம சுகாதாரக் கமிட்டிக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. பின்னால் தொகையும் விதியும் மாறின. தங்கள் ஊர் நிலையத்திற்கு எவ்வளவு வந்தது, ஒழுகும் கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அதில் எவ்வளவு போனது என்று கேட்ட விவசாயிகள் மிகச் சிலரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. 2022ல் மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேர்க்கப்பட்டன. ஏரி மதகும் களத்து மேடும் அங்கே பேசப்படுவது போல, துணை நிலையத்தின் வரவு செலவையும் நர்ஸையும் தலைவரையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லலாம். இடம் காலியாக இருந்தால், எத்தனை மாதமாகக் காலி என்று எழுதித் தீர்மானம் போட்டு மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பலாம். கூட்டத்திற்குப் பெண்கள் வர வேண்டுமானால் அன்றைக்குக் களை எடுப்பு வைக்கக்கூடாது.